ஒளிரும் லாந்தனைடு சேர்மங்கள்: எங்கள் ஆய்வகத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தர்மபுரியில் வேதியியல் கற்பிக்கிறேன். ஒவ்வோர் ஆண்டும் எம்.எஸ்சி. புராஜெக்ட் தொடங்கும்போது பாலக்கோடு, பென்னாகரம், அரூர், ஊத்தங்கரை என்று பல ஊர்களிலிருந்து வரும் மாணவர்களில் இரண்டு மூன்று பேராவது யூரோப்பியம், டெர்பியம் சேர்மங்களைத் தேர்ந்தெடுக்கிறார்கள். வெளிறிய ஒரு பொடி, புற ஊதா டார்ச் பட்டதும் அடுப்புக் கங்கு போலச் சிவக்கும். அதை ஒருமுறை பார்த்தவர்களுக்கு விட்டுப்போக மனசு வராது. ஆனால் அந்தச் சிவப்பிலிருந்து ஒரு விளக்கு வரைக்கும் போக வேண்டிய வழி நீளம். மாணவர்கள், அவர்கள் வீட்டார், ஓசூர்ப் பக்கத்துப் பூ விவசாயிகள் கேட்ட கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன்.

லாந்தனைடு என்றால் எது எது? பிளஸ் டூவில் படித்தது மறந்துவிட்டது.

தனிம வரிசை அட்டவணையின் அடியில் தனியாகப் பிரித்து வைத்திருக்கும் முதல் வரிசை. அணு எண் 57 லாந்தனம் முதல் 71 லுட்டேசியம் வரை 15 தனிமங்கள். இவற்றோடு ஸ்காண்டியத்தையும் இட்ரியத்தையும் சேர்த்து 17 தனிமங்களை அருமண் தனிமங்கள் என்கிறோம். ஒளிக்காக நாம் பெரும்பாலும் கையாளுவது மூன்றே மூன்றுதான்: சிவப்புக்கு யூரோப்பியம், பச்சைக்கு டெர்பியம், நீலத்துக்கும் மஞ்சளுக்கும் சீரியம்.

இவற்றின் ஒளியில் அப்படி என்ன விசேஷம்? எத்தனையோ சாயங்கள் ஒளிர்கின்றனவே?

நிறத்தின் சுத்தம்தான் விசேஷம். ஒரு கரிமச் சாயம் ஒளிர்ந்தால் அதன் நிறமாலை 50, 100 நானோமீட்டர் அகலத்துக்குப் பரந்து கிடக்கும். யூரோப்பியத்தின் சிவப்போ 612 முதல் 615 நானோமீட்டர் அருகே ஊசி போல நிற்கும். டெர்பியத்தின் பச்சை 545 அருகே.

காரணம், ஒளிரும் எலக்ட்ரான்கள் 4எஃப் கூட்டில் இருக்கின்றன. அதற்கு வெளியே 5எஸ், 5பி கூடுகள் நிறைந்து ஒரு மதில் போலக் காக்கின்றன. வெளியே எந்த மூலக்கூறு வந்து பிணைந்தாலும் உள்ளே இருக்கும் ஆற்றல் மட்டங்கள் பெரிதாக அசைவதில்லை. அதனால்தான் எந்தச் சேர்மத்தில் வைத்தாலும் யூரோப்பியம் 3+ அயனி ஏறக்குறைய அதே சிவப்பைத் தருகிறது.

அப்படியானால் வடிவமைப்பதற்கு என்ன இருக்கிறது என்று உடனே கேட்பீர்கள். நிறத்தை இயற்கை கொடுத்துவிடுகிறது. அந்த நிறம் பளிச்சென்று வருமா, எத்தனை நாள் நிற்கும், மின்சாரம் கொடுத்தால் எரியுமா என்பதெல்லாம் அயனியைச் சுற்றி நாம் என்ன வைக்கிறோம் என்பதில் இருக்கிறது. கீழே வரும் பதில்கள் பெரும்பாலும் அதைப் பற்றியே.

யூரோப்பியம் குளோரைடை வாங்கி டார்ச் அடித்தால் போதாதா? ஈனி, அதாவது உலோக அயனியைச் சுற்றிப் பிணையும் மூலக்கூறு, எதற்கு?

அடித்துப் பாருங்கள், மிக மங்கலாகத்தான் தெரியும். 4எஃப் மட்டங்களுக்குள் எலக்ட்ரான் தாவுவதை, எந்தத் தாவல் நடக்கலாம் என்று சொல்லும் தேர்வு விதிகள் தடுக்கின்றன. எனவே இந்த அயனிகள் ஒளியை உறிஞ்சுவதே அரிது. நல்ல சாயம் ஒன்றின் மோலார் உறிஞ்சு திறன் பத்தாயிரக்கணக்கில் இருக்கும். இந்த அயனிகளுக்கு அது ஒன்று, இரண்டு, சில சமயம் அதைவிடவும் குறைவு.

1942-இல் வெய்ஸ்மன் என்ற அமெரிக்க வேதியியலர் இதற்கு வழி காட்டினார். யூரோப்பியத்தோடு பிணைந்த கரிம மூலக்கூறு ஒளியை உறிஞ்ச, யூரோப்பியம் அந்த ஆற்றலை வாங்கித் தன் நிறத்தில் ஒளிர்வதைக் கண்டார். இன்று இதை ஆன்டெனா விளைவு என்கிறோம். ஈனி ஒளியைப் பிடிக்கிறது. அதன் ஒற்றை நிலை என்னும் உயர்ந்த ஆற்றல் நிலையிலிருந்து, சற்றுக் கீழே உள்ள மும்மை நிலைக்கு ஆற்றல் இறங்குகிறது. அங்கிருந்து உலோக அயனிக்குக் கைமாறுகிறது. கன உலோகம் பக்கத்திலேயே இருப்பதால் ஒற்றையிலிருந்து மும்மைக்கு இறங்குவது எளிதாக நடக்கிறது.

எந்த உலோகத்துக்கு எந்த ஈனி பொருந்தும்? இதற்கு ஏதாவது கணக்கு உண்டா?

உண்டு. ஊரில் மேல்நிலைத் தொட்டியையும் தரைத் தொட்டியையும் நினைத்துக்கொள்ளுங்கள். ஈனியின் மும்மை நிலை மேலே, உலோகத்தின் ஒளிரும் மட்டம் கீழே. மேல்தொட்டி போதிய உயரத்தில் இருந்தால் தண்ணீர் ஒரே பக்கமாக இறங்கும். இரண்டும் ஒரே மட்டத்தில் இருந்தால் போன வேகத்தில் திரும்பியும் வரும்.

உயரத்தை அலைஎண்ணில், அதாவது ஒரு சென்டிமீட்டருக்கு எத்தனை அலை என்று அளக்கிறோம். யூரோப்பியத்தின் ஒளிரும் மட்டம் சுமார் 17,300. டெர்பியத்துக்கு சுமார் 20,500. ஈனியின் மும்மை நிலை இதைவிட 2,000 முதல் 4,000 வரை மேலே இருப்பது நல்லது. இடைவெளி 1,800-க்குக் கீழே வந்தால் ஆற்றல் ஈனிக்கே திரும்பத் தொடங்கும். இது அனுபவத்தில் வந்த விதி, விலக்குகளும் உண்டு.

எங்கள் மாணவர்களுக்கு நான் முதலில் தரும் பாடம் இதுதான்: டிடிஏ என்று சுருக்கமாகச் சொல்லும் தீனாயில் டிரைஃபுளூரோஅசிட்டோனை இரண்டு குடுவைகளில் எடுத்து, ஒன்றில் யூரோப்பியம், மற்றதில் டெர்பியம் சேர்க்கச் சொல்வேன். யூரோப்பியக் குடுவை கண்ணைப் பறிக்கும். டெர்பியக் குடுவை இருண்டே கிடக்கும். டிடிஏயின் மும்மை நிலை ஏறத்தாழ 20,400. யூரோப்பியத்துக்குச் சரியான உயரம், டெர்பியத்துக்கோ கிட்டத்தட்ட அதே மட்டம். அப்புறம் டெர்பியத்துக்கு சாலிசிலிக் அமிலத்தையோ அசிட்டைல் அசிட்டோனையோ கொடுத்துப் பார்த்தால் பச்சை பளீரென்று வரும். ஒரு மதிய நேரத்தில் முடிந்துவிடும் சோதனை. பத்துப் பக்கம் படித்தாலும் இந்தத் தெளிவு வராது என்பது என் அனுபவம்.

சேர்மம் சரியாகத்தான் செய்தேன், ஆனாலும் மங்கலாக இருக்கிறது. எங்கே தவறு?

முதலில் தண்ணீரைச் சந்தேகியுங்கள்.

எனக்கே இது நடந்திருக்கிறது. ஆராய்ச்சி மாணவனாக இருந்தபோது செய்த முதல் யூரோப்பியச் சேர்மம் இரண்டு வாரமாகியும் சோர்ந்த இளஞ்சிவப்பாகவே இருந்தது. ஈனியைக் குறை சொன்னேன், வாங்கிய ஆக்சைடைக் குறை சொன்னேன். கடைசியில் பார்த்தால் ஒவ்வொரு யூரோப்பியத்தோடும் இரண்டு நீர் மூலக்கூறுகள் ஒட்டிக்கொண்டிருந்தன. பினாந்த்ரோலின் என்ற இன்னோர் ஈனியைச் சேர்த்து அந்த இரண்டையும் வெளியேற்றிய அன்று மாலை, அதே டார்ச்சில் பொடி பல மடங்கு பிரகாசமாக எரிந்தது. அன்றைக்கு வந்த சந்தோஷம் இன்னும் மறக்கவில்லை.

நீரின் ஆக்சிஜன்–ஹைட்ரஜன் பிணைப்பு சுமார் 3,400 அலைஎண்ணில் அதிர்கிறது. யூரோப்பியத்தின் ஒளிரும் மட்டத்துக்கும் அதற்கு அடுத்துக் கீழே உள்ள மட்டத்துக்கும் இடையே உள்ள ஆற்றல் இடைவெளி சுமார் 12,300. அதாவது மூன்று நான்கு அதிர்வுகள் சேர்ந்தால் அந்த ஆற்றலை அப்படியே விழுங்கி வெப்பமாக்கிவிடும். டெர்பியத்தின் இடைவெளி 14,800 அளவில் இருப்பதால் அது கொஞ்சம் தாங்கும். கார்பன்–ஹைட்ரஜன் பிணைப்பும் ஓரளவு திருடும். கார்பன்–ஃபுளூரின் பிணைப்பின் அதிர்வு 1,200 அளவுதான் என்பதால் அது பெரிய தொல்லை தருவதில்லை. டிடிஏ போன்ற ஃபுளூரின் உள்ள ஈனிகளை எல்லோரும் விரும்ப இது முக்கியக் காரணம்.

லாந்தனைடு அயனி பெரியது. அதைச் சுற்றி எட்டு அல்லது ஒன்பது இடங்கள் உண்டு. மூன்று டிடிஏ ஆறு இடங்களை அடைக்கும். மீதியை நீங்கள் நிரப்பாவிட்டால் தண்ணீர் வந்து நிரப்பிக்கொள்ளும்.

தண்ணீர் ஒட்டியிருக்கிறதா, எத்தனை மூலக்கூறு என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

ஒளிர்வின் ஆயுளை அளந்தால் சொல்லிவிடலாம். விளக்கை நிறுத்திய பிறகும் இந்தச் சேர்மங்கள் மில்லி நொடி அளவுக்கு ஒளிர்கின்றன. யூரோப்பியம் அயனிக்கு சாதாரண நீரில் ஆயுள் சுமார் 0.11 மில்லி நொடி. ஹைட்ரஜனுக்குப் பதில் டியூட்டீரியம் உள்ள கன நீரில் 3 மில்லி நொடிக்கும் மேல். இந்த வேறுபாட்டைக் கொண்டு பிணைந்த நீரின் எண்ணிக்கையைக் கணக்கிடும் முறையை ஹாராக்ஸும் சட்னிக்கும் 1979-இல் கொடுத்தார்கள்.

ஆயுள் அளக்கும் கருவி எங்கள் பக்கத்துக் கல்லூரிகளில் அரிது. மாதிரியை வெளியே அனுப்ப வேண்டியிருக்கும். ஆனால் அகச்சிவப்பு நிறமாலையில் 3,400 அருகே அகன்ற பட்டை இருக்கிறதா என்று இங்கேயே பார்க்கலாம். ஒளிர்வு நிறமாலையிலும் ஒரு குறிப்பு கிடைக்கும். யூரோப்பியத்தின் 590 அருகே உள்ள சிகரம் சுற்றுப்புறத்தால் அதிகம் மாறாது. 614 அருகே உள்ளது மிகவும் மாறும். இரண்டின் விகிதத்தைப் பார்த்தால் அயனியைச் சுற்றியுள்ள அமைப்பு எவ்வளவு சமச்சீரற்றது என்று தெரியும்.

செய்முறையைச் சுருக்கமாகச் சொல்ல முடியுமா?

மூன்று பங்கு டிடிஏ, ஒரு பங்கு பினாந்த்ரோலின் இரண்டையும் எத்தனாலில் கரைத்து, மூன்று பங்கு சோடியம் ஹைட்ராக்சைடு சேர்த்து, ஒரு பங்கு யூரோப்பியம் குளோரைடு கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டு, 60 டிகிரி அளவில் கலக்க வேண்டும். காரம் கூடினால் யூரோப்பியம் ஹைட்ராக்சைடாகப் படிந்து வீணாகும். குறைந்தால் டிடிஏ பிணையாது. வடிகட்டி, கழுவி, வெற்றிடத்தில் உலர்த்துங்கள். மழைக்காலத்தில் திறந்த தட்டில் உலர்த்தாதீர்கள்.

பொடி நன்றாக ஒளிர்கிறது. இனி விளக்கு ஆகிவிடுமா?

இந்தக் கேள்விக்குத்தான் நான் எப்போதும் நிறைய நேரம் எடுத்துக்கொள்வேன். புற ஊதாவில் ஒளிர்வது வேறு, மின்சாரத்தில் ஒளிர்வது வேறு.

ஓஎல்இடி என்னும் கரிம ஒளியுமிழ் டையோடில் ஒரு கண்ணாடி மேல் ஒளி புகும் மின்முனை, அதற்கு மேல் துளைகளை (எலக்ட்ரான் இல்லாத நேர்மின் காலியிடங்களை) கடத்தும் அடுக்கு, ஒளிரும் அடுக்கு, எலக்ட்ரான்களைக் கடத்தும் அடுக்கு, கடைசியில் உலோக மின்முனை என்று அடுக்கியிருப்பார்கள். உள்ளே இருக்கும் கரிம அடுக்குகள் எல்லாம் சேர்ந்தாலே சில நூறு நானோமீட்டருக்குள் அடங்கிவிடும். ஒரு பக்கமிருந்து எலக்ட்ரான், மறுபக்கமிருந்து துளை, நடுவில் இரண்டும் சந்திக்கும்போது கிளர்ச்சி நிலை பிறக்கிறது. அப்படிப் பிறப்பவற்றில் நான்கில் ஒரு பங்கு ஒற்றை நிலை, மூன்று பங்கு மும்மை நிலை. சாதாரணச் சாயம் அந்த மூன்று பங்கையும் வீணாக்கும். லாந்தனைடு சேர்மம் மும்மை நிலை வழியாகத்தானே ஆற்றலை வாங்குகிறது, ஆகவே கொள்கை அளவில் நான்கு பங்கையும் ஒளியாக்கலாம். 1990-இல் ஜப்பானில் ஜுன்ஜி கிடோவின் குழு டெர்பியத்தைக் கொண்டு பச்சை விளக்கையும், அடுத்த ஆண்டு யூரோப்பியத்தைக் கொண்டு சிவப்பு விளக்கையும் செய்து காட்டியது. அன்றைக்கு இருந்த நம்பிக்கை பெரியது.

ஆனால் மூன்று சிக்கல்கள் வழிமறித்தன. முதலாவது, மின்சாரம் கடத்துவதில் இந்தச் சேர்மங்கள் மோசம். அதனால் இவற்றை நல்ல கடத்தியான வேறொரு கரிமப் பொருளுக்குள் சில சதவீதம் மட்டும் கலந்து வைக்க வேண்டும். அந்தத் தாய்ப்பொருளின் மும்மை நிலை ஈனியுடையதைவிட உயரமாக இருக்க வேண்டும். மறுபடியும் தொட்டிக் கணக்குதான், இப்போது மூன்று தொட்டி.

இரண்டாவது, வெற்றிடத்தில் சூடாக்கி ஆவியாக்கிப் படிய வைக்கும்போது பல சேர்மங்கள் உடைந்துவிடுகின்றன. டிடிஏ, பினாந்த்ரோலின் சேர்மத்துக்கே இந்தக் குறை உண்டு. பலர் கரைசலாகச் சுழற்றிப் பூசும் முறைக்குப் போனது இதனால்தான்.

மூன்றாவதுதான் எல்லாவற்றையும்விடக் கடினம். யூரோப்பியம் கிளர்ந்த பிறகு ஒளிர அரை மில்லி நொடி எடுக்கிறது என்று வையுங்கள். அப்படியானால் ஓர் அயனி நொடிக்கு 2,000 முறைக்கு மேல் ஒளிர முடியாது. ஓஎல்இடியில் பயன்படும் இரிடியம் சேர்மத்துக்கு ஒரு மைக்ரோ நொடிதான், நொடிக்குப் பத்து லட்சம் முறை. மின்னோட்டத்தைக் கூட்டினால் யூரோப்பிய அயனிகள் எல்லாம் ஏற்கெனவே கிளர்ந்து காத்திருக்கும். பின்னால் வரும் ஆற்றல் வரிசையில் நின்று வீணாகும். குறைந்த ஓட்டத்தில் அழகாக எரிந்த விளக்கு, வெளிச்சத்தைக் கூட்டக் கூட்டத் திறனை இழப்பது இதனால்தான். ஆயுளைக் குறைக்க ஈனிகளின் சமச்சீரைக் குலைப்பது ஒரு வழி. தேர்வு விதி தளர்ந்து ஒளிர்வு வேகமாகும். ஆனால் மில்லி நொடியை மைக்ரோ நொடியாக்கும் அளவுக்கு அது உதவாது.

அப்படியானால் என் செல்போன் திரையில் இருக்கும் சிவப்பு யூரோப்பியம் இல்லையா?

இல்லை. ஓஎல்இடி திரைகளின் சிவப்புக்கு இன்று பயன்படுவது பெரும்பாலும் இரிடியம் சேர்மங்கள். உங்கள் வீட்டில் பழைய பெட்டி டிவி இருந்திருந்தால் அதன் சிவப்பு யூரோப்பியம்தான். 1960-களின் நடுவிலிருந்து கலர் டிவிக்குச் சிவப்பைக் கொடுத்தது அதுவே.

வீட்டு எல்இடி பல்பில் லாந்தனைடு உண்டா?

உண்டு. அணைந்த எல்இடி பல்பின் மூடியைக் கழற்றிப் பாருங்கள், மஞ்சள் புள்ளிகள் தெரியும். சீரியம் கலந்த இட்ரியம் அலுமினியம் கார்னெட் அது. உள்ளே இருக்கும் சில்லு நீலம் தருகிறது, இது அதில் ஒரு பகுதியை வாங்கி மஞ்சளாக்குகிறது, இரண்டும் கலந்து கண்ணுக்கு வெள்ளை. அந்த நீலச் சில்லுக்குத்தான் 2014-இல் அகாசாகி, அமானோ, நகமுரா மூவருக்கும் இயற்பியல் நோபல் கிடைத்தது.

இங்கே சீரியம் வேறு விதமாக நடந்துகொள்கிறது. அதன் எலக்ட்ரான் வெளியே இருக்கும் 5டி கூட்டிலிருந்து 4எஃப்-க்கு இறங்குகிறது. இதற்கு விதித் தடை கிடையாது, நானோ நொடிகளில் முடிந்துவிடும். 5டி மதிலுக்கு வெளியே இருப்பதால் சுற்றுப்புறத்தை மாற்றினால் நிறமும் மாறும். யூரோப்பியம் 2+ அயனியும் இதே வகை. காத்திருப்பு வரிசைச் சிக்கல் இல்லாத இந்த இரண்டையும் ஓஎல்இடிக்குள் கொண்டுவரும் முயற்சிகள்தான் இந்தத் துறையில் இப்போது எனக்கு அதிக நம்பிக்கை தருபவை. காற்றும் ஈரமும் பட்டால் இவற்றில் பல கெட்டுவிடும் என்பதால் ஈனியைக் கூண்டு போல வடிவமைக்க வேண்டியிருக்கிறது.

கூத்துக்கு வைத்த பெட்ரோமாக்ஸ் விளக்கும் இதே கதைதானா?

உறவு உண்டு, ஆனால் கதை வேறு. எங்கள் ஊர்களில் விடிய விடிய பாரதக் கூத்து நடக்கும்போது எரிந்த அந்த மேன்டிலில் 99 பங்கு தோரியம் ஆக்சைடும் ஒரு பங்கு சீரியம் ஆக்சைடும் இருந்தன. அது வெப்பத்தால் வரும் ஒளி. தோரியத்துக்காகத்தான் அந்தக் காலத்தில், தோரியமும் அருமண் தனிமங்களும் உள்ள மோனசைட் மணலைத் தேடினார்கள். 1909-இல் ஷாம்பர்க் என்ற ஜெர்மானியர், தேங்காய் நாரில் ஒட்டியிருந்த மணலைக் கண்டு கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிக் கடற்கரையைச் சென்றடைந்தார். இன்றும் அங்கே அரசு நிறுவனமான ஐஆர்இஎல் மணலைப் பிரிக்கிறது.

ஒகேனக்கல் பாறையில் அருமண் இருக்கிறதாமே? நம் மாவட்டத்தில் சுரங்கம் வருமா?

ஒகேனக்கல்லிலும், கிருஷ்ணகிரி மாவட்டம் சாமல்பட்டியிலும் கார்பனடைட் என்னும் பாறை இருப்பது உண்மை. ஒகேனக்கல் பாறையின் வயது சுமார் 240 கோடி ஆண்டு. உலகின் பெரிய அருமண் சுரங்கங்கள் சில, கலிபோர்னியாவின் மவுன்டன் பாஸ் போல, இந்த வகைப் பாறையில்தான் உள்ளன. ஆனால் பாறை வகை ஒன்றாக இருப்பதால் மட்டும் தோண்டி எடுக்கும் அளவுக்குத் தாது இருக்கும் என்று சொல்ல முடியாது. இதை நம்பி யாரும் நிலம் வாங்க வேண்டாம்.

பாலிஹவுசுக்குச் சிவப்பாக ஒளிரும் தாள் உண்டு என்கிறார்கள். ரோஜாவுக்குப் பயன்படுமா?

கெலமங்கலத்திலிருந்து வந்த ஒரு விவசாயி கேட்டது. அப்படித் தாள்கள் உண்டு. பாலித்தீனில் யூரோப்பியச் சேர்மத்தைக் கலந்தால், செடிக்கு உதவாத புற ஊதாவை அது வாங்கி, ஒளிச்சேர்க்கைக்கு உதவும் சிவப்பாக மாற்றித் தரும். ருஷ்யாவில் இதை வெகு நாளாகச் செய்து பார்த்திருக்கிறார்கள். இரண்டு விஷயங்களை அவரிடம் சொன்னேன். வெயிலில் புற ஊதாவின் பங்கு குறைவு, ஆகவே கிடைக்கும் கூடுதல் சிவப்பும் குறைவுதான். அதோடு டிடிஏ வகைச் சேர்மங்கள் நேர் வெயிலில் சீக்கிரம் வெளுத்துவிடும். விற்பவரிடம் எத்தனை மாதம் ஒளிரும் என்று எழுத்தில் கேளுங்கள். முதலில் ஒரு பாத்திக்கு மட்டும் போட்டு, பக்கத்துப் பாத்தியோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

நம் கிணற்று நீரில் ஃபுளூரைடு இருக்கிறதா என்று இதை வைத்துப் பார்க்க முடியுமா?

இந்தக் கேள்வியை யார் கேட்டாலும் எனக்குப் பிடிக்கும், ஏனென்றால் ஃபுளூரைடால் பல்லில் கறையோடு வளர்ந்த பிள்ளைகள் என் வகுப்பில் இருந்திருக்கிறார்கள். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் 2013-இல் வந்த பிறகும் ஆழ்துளைக் கிணற்றை நம்பும் வீடுகள் உண்டு.

கொள்கை எளிது. யூரோப்பியத்தோடு ஒட்டியிருக்கும் நீரை ஃபுளூரைடு தள்ளிவிட்டு உட்கார்ந்தால், மேலே சொன்ன திருட்டு நின்று ஒளிர்வு கூடும். இப்படி வேலை செய்யும் சேர்மங்களைச் செய்திருக்கிறார்கள். ஆனால் நம் கிணற்று நீரில் பைகார்பனேட்டும் ஏராளம், அதுவும் அதே இடத்துக்குப் போட்டி போடும். குடிநீரில் ஃபுளூரைடு லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும், மாற்று வழி இல்லாவிட்டால் 1.5 வரை என்பது இந்தியத் தரம். அந்த அளவில், அந்த நீரில், தவறாமல் காட்ட வேண்டும். நல்ல ஆராய்ச்சித் தலைப்பு. அதுவரைக்கும் நீரைக் குடிநீர்ப் பரிசோதனைக் கூடத்துக்குக் கொடுத்துப் பாருங்கள்.

எந்த டார்ச் வாங்குவது?

365 நானோமீட்டர். கள்ளநோட்டு பார்க்க விற்கும் மலிவான டார்ச் பெரும்பாலும் 395. அதன் ஊதா வெளிச்சமே கண்ணில் விழுந்து மங்கலான மாதிரிகளை மறைத்துவிடும். புற ஊதாவைத் தடுக்கும் கண்ணாடி போடாமல் பார்க்காதீர்கள்.

ஆறு மாத புராஜெக்டில் ஏதாவது ஒரு விளக்கு செய்து காட்ட முடியுமா?

ஓஎல்இடி முடியாது, வெற்றிடக் கருவியும் தூசி இல்லாத அறையும் வேண்டும். ஆனால் இன்னொரு விளக்கு முடியும். உங்கள் யூரோப்பியச் சேர்மத்தையும் பிஎம்எம்ஏ என்னும் அக்ரிலிக் பிளாஸ்டிக்கையும் ஒன்றாகக் குளோரோஃபார்மில் கரைத்து, புகைபோக்கி அலமாரிக்குள் வைத்தே, ஒரு 365 நானோமீட்டர் எல்இடியின் தலையில் மெல்லிய படலமாகப் பூசுங்கள். உலர்ந்ததும் மின்கலத்தை இணையுங்கள். சிவப்பு விளக்கு தயார். டெர்பியச் சேர்மம் பூசினால் பச்சை. இரண்டையும் வெவ்வேறு அளவில் கலந்தால் மஞ்சளும் ஆரஞ்சும் வரும், ஆனால் ஒன்றின் ஈனி மற்றதுக்கு மாறிக்கொள்ளாமல் தனித்தனிப் படலமாகப் பூசுவது நல்லது.

எரிந்ததும் படம் எடுத்துவிட்டு நிறுத்திவிடாதீர்கள். தினமும் ஒரே நேரம் எரியவிட்டு, முதல் நாள், ஏழாம் நாள், முப்பதாம் நாள் பிரகாசத்தை ஒரே தூரத்தில் வைத்து அளந்து குறித்து வாருங்கள். எந்த ஈனி முதலில் மங்குகிறது என்ற அந்த அட்டவணையோடு வந்தால், அடுத்து எந்த ஈனியைச் செய்வது என்று உட்கார்ந்து பேசலாம்.